பதினேழு டிகிரி குறைத்துச் சொன்ன பெட்டி

போன மாதம் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று தெம்பனிஸ் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், சென்சார் டிரைவர் வேலையில ரொம்ப கஷ்டமானது எது?" என்று கேட்டீர்கள். நானும் ரெஜிஸ்டர், பேங்க் என்று ஏதோ உளறிவிட்டு, கேக்கைச் சாப்பிட்டுவிட்டு ஈசூனுக்கு ரயில் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, நான் சொன்ன பதில் தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். டிரைவர் எழுதுகிறவனுக்குத் திருத்தம் அனுப்ப வெட்கமே இருக்கக் கூடாது.

சூட்டை அளக்கும் சிப்போடு கணினியைப் பேசவைக்கும் நிரல்தான் டிரைவர்; அதை எப்படி எழுதுவது என்று நூறு பேர் சொல்லித் தருவார்கள். நீங்களும் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள், அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. கஷ்டம் அங்கே இல்லை. திரையில் ஓர் எண் வந்து நின்றதும் மனசு ஆறிப்போகிறதே, கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு சர்வரில் டிரைவரை ஏற்றிப் பார்த்தேன். நூற்று இருபத்தேழு டிகிரி என்று காட்டியது. "தீப்பிடிக்கப் போகுது!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். எல்லோரும் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார்கள். பெட்டி ஜில்லென்று இருந்தது. டிரைவர் படித்த சிப்பின் காலில் சென்சாரே இணைக்கவில்லை. ஒன்றும் இணைக்காவிட்டால் அது அப்படித்தான் காட்டும். பிளக்கைப் பிடுங்கியதில் வேறொருவரின் அரை நாள் வேலை போயிற்று. ஒரு வருடம் என்னை அலுவலகத்தில் ஃபயர் எஞ்சின் என்றே கூப்பிட்டார்கள்.

அதிலிருந்து, கோணல்மாணலாக வரும் எண்ணை நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். பார்க்க லட்சணமாக இருக்கும் எண்ணை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல நாகர்கோயிலிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்கு வர வேண்டியிருந்தது.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் போன் போட்டுத் திட்டுவார். என்னைவிட இருபது வயது இளையவர். எங்கள் கம்பெனியில் டெஸ்ட் எஞ்சினியராக வேலை அனுமதியில் வந்தவர். கணவரும் தொடக்கநிலை மூன்றில் படிக்கிற மகளும் அவரோடு ஈசூனில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில் அவர் பாடகர் குழுவில் நிற்பார், நான் கடைசி வரிசையில் கொட்டாவி விடுவேன். அலுவலகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சின்னக் கணினிப் பெட்டி. அடுக்குமாடி வீடுகளின் உச்சியில், மின்தூக்கியின் மோட்டார் இருக்கிற அறையில் மாட்டுவது. மின்தூக்கிக்குள் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், அந்த அழைப்பைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோவது இந்தப் பெட்டிதான். அதில் காற்றாடி கிடையாது. அழைப்பைக் கொண்டுபோகும் சிப் அளவுக்கு மேல் சூடானால் தானாகவே நின்றுவிடும். நின்றால் மணி அடித்தும் பயனில்லை, உள்ளே இருப்பவர் இருட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் சூடு ஏறும்போதே பெட்டி எங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு அதன் வெப்பமானி உண்மை பேச வேண்டும்.

பெட்டி லினக்ஸில் ஓடியது. அதிலிருந்த வெப்பச் சிப் புது ரகம். பழைய ரகத்துக்கு டிரைவர் ஏற்கெனவே இருந்தது. புதியதையும் அதே டிரைவர் ஏற்றுக்கொள்ளும்படி, எந்த ஊர்க்காரரோ ஒருவர் நாலு வரி எழுதி, லினக்ஸை உலகெங்கும் இருந்து எழுதுகிறவர்களின் மடல் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

நம் வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஒரு மாற்றத்தை யார் எழுதினார், யார் படித்துப் பார்த்தார் என்று ஒவ்வொருவர் பெயரும் அதன் கீழே ஒரு வரியாக நிற்கும். உண்மையான சாதனத்தில் ஓட்டிப் பார்த்தவருக்கும் ஒரு வரி உண்டு. டெஸ்டட்-பை, அதாவது சோதித்தவர், என்று போட்டுப் பெயர் எழுதுவோம். அதற்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை, ஆளை நம்புகிறார்கள். உலகத்தின் பாதிக் கணினிகள் இந்த நம்பிக்கையின் மேல் ஓடுகின்றன என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

எங்கள் பெட்டிகளுக்கான மின்சுற்று போர்டுகள் வந்து சேர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த நாலு வரி லினக்ஸின் இந்த வெளியீட்டுச் சுற்றில் சேராவிட்டால் அடுத்த சுற்றுக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். சோதித்தவர் யாரும் இல்லாததால் அது கிடப்பில் கிடந்தது. நான் நாலு வரியையும் படித்தேன். பழைய சிப்பின் கையேட்டோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. இத்தனை வருட அனுபவம் இருக்கிறதே என்று டெஸ்டட்-பை போட்டு என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாளே மாற்றம் சேர்ந்தது. கையில் போர்டு இல்லாமல் போர்டைச் சோதித்த மகான் நான்.

போர்டுகள் வந்தன. ஓட்டினோம். நாற்பத்தொன்று என்றது. எவ்வளவு லட்சணமான எண்! எல்லோருக்கும் திருப்தி. நாற்பது பெட்டிகளைத் தயார் செய்து, திங்கட்கிழமை அனுப்புவதாக வாடிக்கையாளருக்குச் சொல்லியாயிற்று. கடைசிச் சோதனைக்கு அவை நாகர்கோயில்காரரின் மேசைக்குப் போயின.

சோதனை என்றால் எண் வருகிறதா என்று பார்த்து டிக் போடுவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் தேக்கா கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஹேர் டிரையர் வாங்கி வந்தார். மீ கோரெங் நூடுல்ஸ் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டிக்குள் நம் பெட்டியை வைத்து, அழைப்பைக் கொண்டுபோகும் சிப்பின் மேலேயே சூட்டை அளக்கும் ஒரு மெல்லிய கம்பி ப்ரோபை டேப் போட்டு ஒட்டி, ஓட்டை வழியாகச் சூட்டை ஊதிக்கொண்டு உட்கார்ந்தார். "என்ன, பெட்டிக்குத் தலை காயவைக்கிறீங்களா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கிண்டல் செய்தார்கள். நானும்தான்.

அடுத்த நாள் எனக்கு தஞ்சோங் பகாரில் வேறு வேலை. அவர் அறிக்கை எழுதியது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலை வந்ததும் மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனுஷர். வாடிக்கையாளர் அன்று காலையிலேயே மூன்று முறை போன் செய்திருந்தார்.

அறிக்கையில் மூன்றே வரி. சூடு காட்டும் முன் பெட்டி சொல்வது நாற்பத்தொன்று. ப்ரோப் சொல்வது ஐம்பத்தெட்டு. காரணம் எனக்குத் தெரியவில்லை. கீழே, தேறவில்லை என்று எழுதியிருந்தார்.

"இது எப்படி லா?" என்றார் மேலாளர். "எப்படி ஃபெயில் போடுவீங்க? நம்பர் நல்லாத்தானே வருது?"

"நம்பர் வருது சார். ஆனா சோம்பேறியா ஏறுது. சூடு காட்டினா ப்ரோப் உடனே ஏறுது, பெட்டியோடது மெதுவா, யோசிச்சு யோசிச்சு ஏறுது. அது அந்த சிப்பைப் பாக்கலைன்னு தோணுது."

மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மாற்றத்தைப் பெரிய திரையில் போட்டார். கீழே என் பெயர்.

"பாருங்க. உலகம் பூரா யூஸ் பண்ற கோடு இது. சேவியரே டெஸ்ட் பண்ணி சைன் பண்ணியிருக்கார். அவர் சர்வீஸ் என்ன, உங்க சர்வீஸ் என்ன? உங்க ப்ரோப்தான் தப்பா இருக்கும்."

"இருக்கலாம் சார். அதான் மூணு ப்ரோப் மாத்திப் பாத்தேன். மூணும் அம்பத்தெட்டுதான் சொல்லுது."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "ரிப்போர்ட்டை பாஸ்னு மாத்திக் குடுங்க. மண்டே போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம். உங்க வொர்க் பாஸ் ரினியூவல் வேற என் டேபிள்ல இருக்கு. இந்த நேரத்துல இது தேவையா?" என்றார்.

மேலாளர் மிரட்டலாகச் சொல்லவில்லை, நல்லதுக்கென்றுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அறைக்குள் வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. வேலை அனுமதி புதுப்பிக்கப்படாவிட்டால் கணவர், மகள், பள்ளிக்கூடம், வீடு எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். அது உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு ஒரு காகிதம். அவருக்கு அது குடும்பம்.

நான் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. பேசவில்லை. திரையில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் போட்ட ஒரு பொய்யை எடுத்து அந்தப் பெண்ணின் வாயை அடைக்கிறார்கள், நான் பக்கத்து நாற்காலியில் பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"மாத்த முடியாது சார். நான் பாத்தது அம்பத்தெட்டு," என்றார் அவர். குரல் கொஞ்சம் உடைந்தது, சொல் உடையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எந்த போர்டுல பாத்தீங்க? உங்களுக்கு வந்தது முதல் ரிவிஷனா இருக்கும். அதுல சென்சார் வேற இடத்துல இருந்திருக்கலாம். ரெண்டு போர்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்."

என்னை மடக்க அவர் அதைக் கேட்கவில்லை. அந்த இக்கட்டிலும், நானும் சரி அவரும் சரி என்று ஆவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கோ தப்பிக்க அவரே கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. 'ஆமாம், பழைய ரிவிஷன்' என்று சொன்னால் போதும். யாரும் தோண்ட மாட்டார்கள். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அவர் பதிலைக் குறித்துக்கொள்ள நோட்டைத் திறந்து, தேதி போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் என்ன சொன்னாலும் அதில் எழுதிவிடுவார்.

"நான் எந்த போர்டுலயும் பாக்கலை," என்றேன்.

"என்ன சேவியர், ஜோக்கா?" என்றார் மேலாளர்.

"இல்ல. அப்ப போர்டே வரலை. பழைய சிப்போட மேனுவலைப் படிச்சுட்டு பேரைப் போட்டேன். அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தப் பெண்ணாவது என்னைத் திட்டுவார், குறைந்தது ஒரு முறையாவது முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு, "அப்போ புது சிப்போட மேனுவல் நம்மகிட்ட இருக்கா சார்? இருந்தா இப்பவே பாத்துடலாம்," என்றார். எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மதியத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. புது ரகத்தில் சென்சார்களின் வரிசையை மாற்றியிருந்தார்கள். அழைப்புச் சிப்பின் சென்சார் என்று நினைத்து டிரைவர் படித்துக்கொண்டிருந்தது, போர்டின் ஓரத்தில், உலோகக் கூட்டை ஒட்டி ஜாலியாக உட்கார்ந்திருந்த வேறொரு சென்சாரை. திருத்தம் இரண்டே வரி. அந்த இரண்டு வரி இல்லாமல் பெட்டிகள் மேலே போயிருந்தால், ஒரு வெயில் மதியத்தில் சத்தம் போடாமல் ஒவ்வொன்றாக நின்றிருக்கும்.

மேலாளர் அறைக்குத் தனியாகப் போனேன். "அவங்க ரினியூவலுக்கு இதனால ஒண்ணும் ஆகக் கூடாது. ஆகணும்னா எனக்கு ஆகட்டும்," என்று வீரவசனம் பேசினேன். அவர் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து என் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். "போங்க சேவியர். போய் முதல்ல மெயிலிங் லிஸ்டுக்கு உண்மையை எழுதுங்க," என்றார். வாடிக்கையாளருக்கு அவரே போன் செய்து இரண்டு வாரம் தள்ளிக் கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டார். அவரைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மடல் குழுவுக்கு எழுதிய கடிதம்தான் என் வாழ்க்கையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கடிதம். நான்கு வாக்கியம்தான். இந்த மாற்றத்தை நான் சோதிக்கவில்லை, சோதித்ததாக எழுதியது தவறு, அதனால் வந்த பிழை இது, திருத்தம் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே சேர்ந்த வரியை அழிக்க வழி கிடையாது. இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது. தேடினால் கிடைக்கும், தயவுசெய்து தேடாதீர்கள்.

திருத்தத்தின் கீழே டெஸ்டட்-பை வரியில் அந்தப் பெண்ணின் பெயரைப் போட அனுமதி கேட்டேன். "போடுங்க சார். ஆனா மூணு பெட்டியிலதான் பாத்தேன், மேசை மேல, ஹேர் டிரையர் சூட்டுலன்னு மேல எழுதிடுங்க."

"ஹேர் டிரையர்னா எழுதறது? உலகமே படிக்கும்!"

"அதானே சார் நடந்துச்சு?"

எழுதினேன். டிரைவரைப் பராமரிக்கிறவர் எங்கோ ஐரோப்பாவில் இருப்பவர், வார்த்தைச் சிக்கனக்காரர். அவரிடமிருந்து பதில் வந்தது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. மேசையில் பார்த்தது நல்லது. பெட்டி வேலை செய்கிற இடத்தில் யாராவது பார்த்துச் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன். நாங்கள் திருத்தத்தை எங்கள் பெட்டிகளில் மட்டும் போட்டு, நாற்பதையும் நாகர்கோயில்காரர் மறுபடி சோதித்துத் தேறியது என்று எழுதிய பிறகு அனுப்பினோம். மடல் குழுவில் அந்தத் திருத்தம் அப்படியே காத்துக்கிடந்தது.

சில வாரம் கழித்து ஒரு மதியம், ஈசூனில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் பெட்டி எச்சரிக்கை அனுப்பியது. எழுபத்தொரு டிகிரி. மின்தூக்கி அறையின் காற்றுவிசிறி நின்றுபோயிருந்தது. பெட்டி நிற்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கீழே மக்கள் மார்க்கெட் பையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாகர்கோயில்காரருக்கு விடுப்பு நாள் என்பதையும் மறந்து போன் செய்தேன்.

"உங்களாலதான்! பெட்டி சொல்லிடுச்சு, எழுபத்தொண்ணு!"

"ப்ரோப் வெச்சுப் பாத்தாங்களா சார்?"

"இல்லை. எதுக்கு?"

"அப்போ சூடாச்சுன்னுதான் தெரியும். சரியா சொல்லுச்சான்னு தெரியாதே சார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு சந்தோஷத்தில் ஒரு மனிதனை இப்படியா இறக்குவது? போனை வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் அறைக்குள் நடந்தேன். பிறகு அவர் மேசையிலிருந்து ப்ரோபையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, விசிறியை மாற்றப் போகும் டெக்னீஷியனிடம், "கொஞ்சம் பொறுங்க, நான் வர்ற வரைக்கும் மாத்தாதீங்க," என்று சொல்லி டாக்சி பிடித்தேன்.

கடைசி மாடிக்கு மேல் இரும்பு ஏணி. அந்த வயதில் அந்தத் தொந்தியோடு அதில் ஏறியது தனிக் கதை. அறைக்குள் அடுப்படி மாதிரி அனல். பெட்டியைத் திறந்து, சிப்பின் மேல் ப்ரோபை ஒட்டி, பத்து நிமிடம் காத்திருந்தேன். வியர்வை கண்ணில் வழிந்து எண்ணே தெரியவில்லை. சட்டையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"பெட்டி எழுபத்தொண்ணு. ப்ரோப் எழுபத்திரண்டு."

இரண்டு எண்ணையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "நல்லது சார்," என்றார். குரலில் சிரிப்பு தெரிந்தது.

"இப்பவே லிஸ்டுக்கு எழுதிடறேன். இந்த இடத்தையும் சேர்த்து உங்க பேர்லயே போட்டுடறேன்," என்றேன். கொடுப்பதற்கு என்னிடம் வேறு என்ன இருந்தது?

"என் பேரா? நான் அங்க இல்லையே சார்," என்றார். "நீங்கதானே ஏறிப் போய்ப் பாத்தீங்க? உங்க பேரைப் போடுங்க."

அவர் அதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். நான் ஏணிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டெக்னீஷியன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அழுதேன் என்று சொல்ல மாட்டேன். அந்த அறையில் எல்லாமே வியர்வைதான்.

சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து கடிதத்தைத் திறந்தேன். அறை எத்தனை டிகிரி, பெட்டி எவ்வளவு, ப்ரோப் எவ்வளவு என்று எழுதினேன். அதன் கீழே டெஸ்டட்-பை என்று அடித்து, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். முப்பத்திரண்டு வருட வேலையில் என் சொந்தப் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பியது அந்த ஒரு நாள்தான்.